கருப்பெலி: பரவலும் தொல் டி.என்.ஏ. ஆராய்ச்சியும்

கருப்பெலி என்பது, இந்திய உபகண்டத்தைப் பூர்வ ஸ்தானமாகக் கொண்டு, மனிதனுடைய தானியத்தையும் மரக்கலத்தையும் பற்றிச் சென்று உலகின் பெரும்பாகத்தில் குடியேறி, புகுந்த தீவுகள் பலவற்றில் பறவையினங்களுக்குப் பெரு நாசம் விளைத்த பிராணியாகும்.

பாண்டிச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டை, 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தபோது கிடைத்த மதுச்சாடிகளும் இத்தாலியின் அரெட்டைன் மட்கலங்களும், கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்தில் இக்கரைக்கும் ரோமானிய உலகுக்கும் வாணிகம் நடந்ததை ஐயமற நிறுவின. அவ்வாணிகத்தின் மரக்கலங்களில் எலியும் ஏறியிருக்கும் என்பது இயல்பான ஊகமே. ஆனால் ஊகம் சாட்சியாகாது.

சாட்சிக்கான வழி 1984-ல் திறந்தது. அவ்வாண்டில் பெர்க்லியில் ஆலன் வில்சன் குழுவினர், அழிந்துபோன குவாகா என்னும் வரிக்குதிரையின் பழைய தோலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தனர். எனினும் கருப்பெலியைப் பற்றி முதலில் உரைத்தவை இன்றைய எலிகளே. 2011-ல் கென் ஆப்லினும் சகாக்களும், தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, கப்பல்வழி உலகெங்கும் பரந்த கிளையின் வேர் தென்னிந்தியாவில் உள்ளதெனக் காட்டினர்.

வேர் தெரிந்தாலும், கருப்பெலி எத்தனை முறை, எக்காலத்தில் ஐரோப்பாவை அடைந்தது என்பதை இன்றைய எலிகளைக் கொண்டு அறிய இயலாது. ஏனெனில் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பழுப்பெலி அங்கே பரவி, கருப்பெலியைப் பல பிரதேசங்களிலிருந்து அகற்றிவிட்டது. எனவே 2022-ல் யார்க், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களையும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள், ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் கிடைத்த, 1 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரையிலான எலும்புகளை நாடினர். ரோமானியர் காலத்தில் வந்த எலிகள் சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியை ஒட்டி அருகிப்போயின என்பதும், மத்திய காலத்தில் வாணிகம் தழைத்தபோது பெருகியவை அவற்றின் சந்ததி அல்ல, புதிதாக வந்த வேறொரு குடி என்பதும் அவர்கள் கண்ட முடிபு. எலும்பின் வடிவத்தை மட்டும் நோக்கியவர்க்கு இவ்விரு வருகைகளின் பேதம் புலப்பட்டிராது.

இத்தகைய ஆராய்ச்சி இந்தியாவில் எளிதன்று. உயிர் நீங்கியபின் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைகிறது. உஷ்ணமும் ஈரமும் அச்சிதைவைத் துரிதப்படுத்துகின்றன. ஹரியானாவின் ராகிகடியில் கிடைத்த மனித எலும்புகளைப் பற்றி 2019-ல் வெளியான ஆராய்ச்சியில், 61 மாதிரிகளைப் பரிசோதித்தும் ஒன்றிலிருந்தே பயன்படத்தக்க மரபணுச் செய்தி கிட்டியது. அரிக்கமேடு போன்ற கடலோர நிலத்தில் நிலைமை இன்னும் கடினமாகவே இருக்கும். ஆயினும் எலியின் தாயகத்து டி.என்.ஏ. சாட்சியம் பெரும்பாலும் இன்றைய எலிகளையே நம்பியிருப்பது பெருங்குறை. ஆகவே அகழ்ந்த மண்ணை நுண்சல்லடையில் சலித்து, சிறு பிராணிகளின் பல்லையும் உட்செவி எலும்பையும், கிடைத்த மண்ணடுக்கு இன்னதென்று குறித்து, உஷ்ணம் தாக்காவண்ணம் சேமித்துவைப்பது தென்னிந்திய அகழ்வுகளில் வழக்கமாக வேண்டும்.