மழைக்கும் ஒரு நம்பர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள். அதே திருவள்ளூர் மாவட்டத்தில், தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். நிலக்கரி எரிந்தால் கந்தகப் புகை. அது மேகத்து ஈரத்தோடு சேர்ந்தால் கந்தக அமிலம். 'அப்போ, இங்கே பெய்யறது அமில மழையா?' என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு நம்பர் வேண்டும். அந்த நம்பரைப் பிடிக்க மனிதன் பட்ட பாடு ஒன்றரை நூற்றாண்டுக் கதை!

1852-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ரசாயன நிபுணர், ஆலைகள் நிறைந்த ஊருக்குள் பெய்யும் மழை அமிலமாக இருப்பதை எழுதினார். 1872-ல் தன் புத்தகத்தில் 'அமில மழை' என்ற பெயரையும் பிரபலமாக்கினார். ஆனால், அமிலத்தின் கடுமையை ஒரே எண்ணில் சட்டென்று சொல்லும் அளவுகோல் அப்போது கிடையாது. அதைத் தந்தது யார் தெரியுமா? ஒரு பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடம்! கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க்கில் 1909-ல் சோரன்சன் உருவாக்கியதுதான் பி.ஹெச். 7 என்றால் நடுநிலை. ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு! அடுத்து, கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க, 1934-ல் ஆர்னால்ட் பெக்மன் மீட்டர் செய்து கொடுத்தார்.

மீட்டர்தான் வந்தாச்சே, முக்கி எடுத்தால் முடிந்தது என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். மழைநீரில் கரைந்த உப்பு ரொம்பக் குறைவு. அதனால் மீட்டர் ஒரு எண்ணில் நிற்க நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் தப்புக் கணக்கு. அளப்பதற்கு முன் பி.ஹெச். 4, 7 உள்ள திரவங்களில் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். சுத்தமான மழையே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6-ல்தான் நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பெரிய வில்லன், புழுதி. நம்ம ஊர் மண்ணில் சுண்ணாம்புச் சத்து உண்டு. பாத்திரத்தை நாள் கணக்கில் திறந்து வைத்தால், அதில் விழும் தூசு அமிலத்தை முறித்துவிடும். நம்பர் நல்லபிள்ளையாகத் தெரியும்! அதனால்தான் மழை பெய்யும்போது மட்டும் மூடி திறக்கும் கருவி வைக்கிறார்கள்.

இந்திய வானிலைத் துறை 2001 முதல் 2012 வரை சேகரித்த மழைநீரில், நாக்பூர், விசாகப்பட்டினம் உள்ளிட்ட ஐந்து இடங்களில் பி.ஹெச். 4.77 முதல் 5.32 வரை இருந்தது. அந்த ஐந்தில் நம்ம குளுகுளு கொடைக்கானலும் ஒன்று! ஆக, மலை ஊர் என்பதால் நிரபராதியும் இல்லை; ஆலை ஊர் என்பதாலேயே குற்றவாளியும் இல்லை.

கும்மிடிப்பூண்டிக்கும் அதே நியாயம்தான். அளப்பதில் அரைப் புள்ளி தவறினால் அமிலக் கணக்கு மூன்று மடங்கு தவறும். ஒரு பக்கம் தவறினால் ஆலை தப்பித்துக்கொள்ளும்; மறுபக்கம் தவறினால் ஊர் ஜனங்கள் வீணாகப் பயப்படுவார்கள்.