காட்ரிட்ஜ் என்னும் புதிய ஏடு

பதுளைத் தூண் சாசனத்தை நம் மாணவர் பலர் அறிவர். சந்தை வணிகர் அதிகாரிகள்மீது செய்த முறைப்பாட்டின் பேரிற் கி. பி. 10ஆம் நூற்றாண்டிலே பொறிக்கப்பட்ட அது இன்றும் வாசிக்கக் கிடக்கின்றது. ஐம்பதாண்டளவே ஆன தொலைக்காட்சி விளையாட்டு நிரல்களோ ஏலவே அழியுந் தறுவாயை எட்டிவிட்டன. அவற்றைக் காத்தவர் யாவர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

விளையாட்டை இயந்திரத்தினின்றும் பிரித்து, மாற்றிச் செருகத்தக்க காட்ரிட்ஜ் என்னும் பேழையில் அமைத்த முதற் கருவி, 1976இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபெயர்சைல்ட் சனல் எஃப். மறு ஆண்டு அட்டாரி வந்தது. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979இல். நம் தோட்டத்து லயன்கள் பலவற்றுக்கு மின்சாரம் எட்டியது அதனினும் பிந்தி.

அட்டாரியின் சொந்த நினைவகம் 128 பைட் மாத்திரமே. ஆகவே அது ஒவ்வோர் கட்டளையையும் பேழையிடமே கேட்டுப் பெறும். ஒரு மைக்ரோ செக்கனுக்குள் விடை வருமாயின், விடை தருவது யாதென அது வினவுவதில்லை. இவ்வெளிமையே பின்வந்தோர்க்கு வாயிலாயிற்று. 1982இல் ஸ்டார்பாத் கம்பனி விற்ற சூப்பர்சார்ஜர் என்னும் பேழை, ஒலிநாடாவில் ஓசையாகப் பதிந்த நிரலைத் தன் 6 கிலோபைட் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டது. 1983இல் அந்நாட்டு விளையாட்டுச் சந்தை சரிந்தது. கம்பனிகள் கைவிட்ட வழியை ஆர்வலர் தொடர்ந்தனர். சாட் ஷெல் என்பார் 2000ஆம் ஆண்டளவில் அம்முறையைத் தழுவிக் கட்டில் கார்ட் என்னும் பேழையை ஆக்கினார். அதுவும் ஓசையாலேயே நிரல் பெற்றது. 2009இல் வந்த ஹார்மனியோ, நினைவு அட்டையொன்றிற் பலநூறு விளையாட்டுகளை அடக்கியது.

இது களவன்றோ என வினவுவார் உளர். விற்றுப் பொருளீட்டப் படியெடுப்பது களவே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஏடுகள் செல்லரிக்குமுன் படியெடுத்தோர் இலராயின் நம் பழந்தமிழ் நூல்கள் எத்தனை எஞ்சியிருக்கும்? சட்டம் இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்குவது அரிது.

அட்டாரி நிறுவனம் அந்நாளில் நிரல் எழுதினோர் பெயரை வெளியிட்டதில்லை. அது பொறாத வாரன் ரொபினெற், 1980இல் வெளிவந்த ‘அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டினுள் மறைவான அறையொன்றமைத்து, நிறுவனம் அறியாதவாறு அங்கே தம் பெயரை எழுதிவைத்தார். ஆர்வலர் பேழைகளில் அந்நிரல் ஏற்றப்படுந்தோறும் அப்பெயரும் உடன் ஏறுகின்றது.