பெண்புத்தி பின்புத்தியா?

"பெண்புத்தி பின்புத்தி" என்ற பழமொழியை எங்கள் அன்னவாசல் கடைத்தெருவில் இன்றும் கேட்கலாம். பின்னால் வருவதை அறியும் புத்தி என்று சிலர் பொருள் சொல்வார்கள். ஆனால் கடைத்தெருவில் யாரும் அந்தப் பொருளில் சொல்வதில்லை.

இதையே விஞ்ஞானம் என்று சொன்ன காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு மருத்துவர் பால் புரோக்கா போன்றவர்கள் மூளைகளை எடை போட்டார்கள். பெண்ணின் மூளை சராசரியாகச் சற்று எடை குறைவு. ஆகவே அறிவும் குறைவு என்றார்கள். மனித மூளை சுமார் 1.4 கிலோ, யானை மூளை சுமார் 5 கிலோ. எடைதான் அறிவென்றால் யானையல்லவா நமக்குப் பாடம் நடத்த வேண்டும்!

அந்த நூற்றாண்டில்தான், 1886இல், நம் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது பலத்த எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து அனுமதி தந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912இல் டாக்டரானார். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியில் வந்ததே.

அப்படியானால் மரபணுவில் வேறுபாடே இல்லையா? உண்டு. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். மூளை வளர்ச்சிக்கு வேண்டிய பல மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன. பெண்ணுக்கு ஒன்றில் பழுது என்றால் பெரும்பாலும் மற்றது கைகொடுக்கும். ஆணுக்கு அந்த மாற்று இல்லை. அதனால் எக்ஸ் வழியாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகள் ஆண் பிள்ளைகளிடமே அதிகம். மகனுக்கு அந்த எக்ஸ் தாயிடமிருந்துதான் வருகிறது. ஆக, வேறுபாடு இருக்கிறது. பெண் மட்டம் என்பதற்கு அதில் சான்று இல்லை.

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது நினைவிருக்கும். பகலெல்லாம் கல் உடைத்த பெண்கள் இரவில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 51 பேர். 2011இல் 73 பேர்.

இருபது ஆண்டில் மரபணு மாறாது. மாறியது பள்ளிக்கூட வாசல். பேத்தி நன்றாகப் படிக்கிறாள், பன்னிரண்டாவதோடு போதும் என்று நினைக்கும் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.