புதுக்கோட்டைச் சீர்திருத்தங்கள்

புதுக்கோட்டைச் சீர்திருத்தங்கள் என்பவை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 19ஆம் நூற்றாண்டில் நடந்த நகர, வருவாய் நிர்வாக மாற்றங்களாகும்.

நகர மாற்றம் முந்தியது. 1812இல் தலைநகரைத் தீ அழித்தபின், விஜய ரகுநாத ராய தொண்டைமான் காலத்தில், தஞ்சாவூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக (அரசுப் பிரதிநிதியாக) இருந்த மேஜர் பிளாக்பர்னின் ஆலோசனைப்படி நேரான வீதிகளுடன் ஊர் மீண்டும் கட்டப்பட்டது. இன்றைய ராஜவீதிகளின் ஒழுங்கு அதிலிருந்தே வருகிறது.

வருவாய் நிர்வாக மாற்றத்தின் மையம் அ. சேஷய்ய சாஸ்திரி. திருவிதாங்கூர்த் திவானாக இருந்த இவர், 1878இல் புதுக்கோட்டைத் திவானானார்; மன்னர் மார்த்தாண்ட பைரவர் சிறுவராக இருந்தமையால் 1886 முதல் 1894 வரை ரீஜென்டாகவும் ஆட்சி நடத்தினார். அதுவரை பெரும்பகுதி நிலத்தில் அமானி முறை நிலவியது: விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கிட்டனர். கதிர் முற்றியதும் காவல் போடப்படும். களத்தில் குவித்த நெல்லை அரசு ஆள் வந்து அளக்கும்வரை உழுதவர் தொடமுடியாது. மழையில் நனைந்தாலும் காத்திருக்கவேண்டும். கூடுதல் உழைப்புக்குப் பயனில்லாத இம்முறையை நீக்கி, ரொக்கத் தீர்வையைக் கொணர்ந்ததே சாஸ்திரியின் தலையாய பணி. கொடையாக அளிக்கப்பட்ட இனாம் நிலங்களும் ஒழுங்குபடுத்தப்பட்டன. நகரில் புதுக்குளம் உள்ளிட்ட நீர்நிலைகள் சீர்பெற்றன. நவராத்திரியில் அரிசியுடன் வழங்கிய அம்மன் காசு 1889இல் இங்கிலாந்தில் அச்சிடப்பட்டது.

சமஸ்தானம் 3 மார்ச் 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974இல் தனி மாவட்டமாயிற்று.