கைமாறி வந்த லைலாக்

பால்கன் மலைகளின் பாறைச் சரிவுகளில் தானாக வளர்ந்து கிடந்த புதர், லைலாக். குளிர்காலம் முடிந்ததும் ஊதா நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூக்கும், மணம் வேலி தாண்டி வரும். துருக்கியர் அதைத் தோட்டச் செடியாக்கினார்கள். சுல்தான் சுலைமானிடம் தூதராக இருந்த புஸ்பெக், 1560களின் தொடக்கத்தில் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து அதை வியன்னாவுக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1767இல் வர்ஜீனியாவில் லைலாக் நட்டதைத் தம் தோட்டக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் அதன் வேர். பக்கக்கன்று விட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றைப் பெயர்த்துக் கொடுத்தால் இன்னொரு வீட்டில் பிழைத்துக்கொள்ளும். விதை அப்படியல்ல. விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலப் பூக்காது. நல்ல ரகம் ஒன்று நிலைக்க வேண்டுமானால் கன்றோ ஒட்டோ பதியனோ கைமாறியாக வேண்டும்.

1870இல் பிரான்சின் நான்சி நகரைப் பிரஷ்யப் படை பிடித்திருந்தது. அந்நகரின் செடி வளர்ப்பாளர் விக்டர் லெமுவான் அடுக்கு லைலாக்கை உருவாக்க முனைந்தது அப்போதுதான். தாய்ச்செடியின் பூவில் மகரந்தமே இல்லை, சூல்முடியோ இதழ்களுக்குள் புதைந்திருந்தது. அவருக்குப் பார்வை மங்கியிருந்ததால் ஏணியில் ஏறி, தூரிகையால் பூப்பூவாக மகரந்தம் சேர்த்தவர் அவர் மனைவி மரி லூயிஸ். கிடைத்த விதைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட ரகங்களைத் தந்தது. பெயர் பெரும்பாலும் விக்டருடையதாகவே நிற்கிறது. ஏணியில் நின்றவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லெமுவான் ரகங்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உட்லண்ட் என்ற சிற்றூருக்கும் வந்தன. ஹுல்டா கிளாகர் என்ற பண்ணைவீட்டுப் பெண் 1905 முதல் அவற்றைக் கலந்து புது ரகங்கள் எடுத்தார். லைலாக்குக்கு உகந்த ஊர் அது: குளிரில் சில வாரங்கள் உறங்கினால்தான் மொட்டு விரியும். பூ உதிர்ந்த கையோடு கத்தரித்துவிட வேண்டும். அடுத்த ஆண்டின் மொட்டு அந்தக் கோடையிலேயே கட்டிவிடும். தாமதித்து வெட்டினால் வரப்போகும் பூவும் போய்விடும்.

1948இல் கொலம்பியா ஆறு பெருக்கெடுத்துத் தோட்டத்தை மூழ்கடித்தது. பெரிய மரங்களைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஹுல்டாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. அவரிடம் முன்பு செடி வாங்கியவர்கள் தங்கள் வீட்டுப் புதர்களிலிருந்து கன்றுகள் எடுத்துவந்து கொடுத்தார்கள். அவரே வளர்த்து அனுப்பிய ரகங்கள் அவை. 1950இல் தோட்டத்தை மறுபடியும் திறந்தார்.