டிஎன்ஏ சில்லு

உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. எந்த மரபணு எங்கே, எவ்வளவு இயங்குகிறது என்பதே ஈரலையும் மூளையையும் வேறாக்குகிறது. அந்த இயக்கத்தை ஆயிரக்கணக்கான மரபணுக்களில் ஒரே நேரத்தில் அளக்கும் கருவியே மைக்ரோஅரே எனப்படும் டிஎன்ஏ சில்லு.

அதற்கு முன் பெரும்பாலும் ஒவ்வொரு மரபணுவாகத்தான் அளந்தார்கள். 1995-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் ஷேனா, டாரி ஷாலன், ரொனால்ட் டேவிஸ், பேட்ரிக் பிரவுன் ஆகியோர் கடுகுக் குடும்பச் சிறுசெடி ஒன்றின் 45 மரபணுக்களைக் கண்ணாடித் தகட்டில் புள்ளிகளாகப் பதித்தனர். பதித்தது ரோபோ, அதன் ஊசிநுனி மைப்பேனா நிப்பைப் போலப் பிளந்திருக்கும். கணினிச் சில்லு செய்யும் ஒளி முறையால் தகட்டின் மேலேயே டிஎன்ஏ இழைகளைக் கட்டும் வழியை ஸ்டீபன் ஃபோடர் குழு 1991-இலேயே காட்டியிருந்தது. அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது.

ஸ்டான்ஃபோர்டு முறையில், நோயுற்ற திசுவில் மரபணுக்கள் இயங்கும்போது உருவாகும் தூது ஆர்என்ஏவிலிருந்து எடுத்த படிகளுக்குச் சிவப்புச் சாயம், நலமான திசுவினுடையவற்றுக்குப் பச்சை. இரண்டையும் கலந்து தகட்டில் ஊற்றினால் ஒவ்வொன்றும் தன் இணையான புள்ளியில் ஒட்டும். கழுவிவிட்டு லேசரால் படமெடுத்தால், நோயில் மிகுந்தது சிவப்பாகவும் குறைந்தது பச்சையாகவும் சமமானது மஞ்சளாகவும் தெரியும்.

மருத்துவர்களின் கவனத்தைத் திருப்பியது 1999-இல் டாட் கோலப் குழு வெளியிட்ட இரத்தப் புற்றுநோய் ஆய்வு. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றக்கூடிய, ஆனால் வேறுவேறு மருந்து வேண்டும் இரு வகைகளை 50 மரபணுக்களைக் கொண்டே பிரித்தார்கள். 34 புதிய மாதிரிகளில் 29-க்கு உறுதியான விடை கிடைத்தது; அந்த 29-உம் சரி. 2002-இல் நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோய்க்கு 70 மரபணுப் பட்டியல் உருவானது. அதை வைத்து எழுந்த மம்மாபிரிண்ட் சோதனைக்கு 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இசைவளித்தது.

சில்லு எண்களைக் கொட்டியது. அவற்றைப் படிப்பதுதான் பெரும்பாடு. நோயாளிக்கேற்ற மருந்தைச் சில்லே சொல்லும் என்று 2006-இல் டியூக் பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் கணக்கைத் தோண்டியபோது மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப்போயிருந்தது. மருந்துக்கு இணங்குபவை, இணங்காதவை என்ற குறிப்புகளும் சில இடங்களில் தலைகீழ். இதற்கிடையே அந்தக் கணக்கை நம்பி நோயாளிகளிடமே சோதனைகள் தொடங்கின! பின்னர் அவை நிறுத்தப்பட்டன, கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன.

தகட்டில் பதிக்காத மரபணுவைச் சில்லால் காண முடியாது. ஆர்என்ஏவை நேரடியாக வரிசைப்படுத்தும் முறைக்கு அந்தத் தடை இல்லை. 2008 முதல் ஆய்வகங்கள் படிப்படியாக அதற்கு மாறின. இன்று சில்லு பெரும்பாலும் மரபணு வேறுபாடுகளை மலிவாகக் கண்டறியவே பயன்படுகிறது.