ஓடுகளமும் ஏடும்

உயர்நிலைப் பள்ளிப் பருவத்திலேயே ஒரே விளையாட்டைப் பற்றிக்கொண்டு முன்னேறலாமா என்று நம் சங்கத்து இளைஞர் பலர் வினவுகின்றனர். திருக்கோகர்ணத்தில் வாழும் நாம் இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட குடும்பத்தில், செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாய்ப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பாட்டனார் அவரை ஊர்ப்புறத்து மண்தரையில் ஓடப் பழக்கினார். பள்ளிப் போட்டிகளில் கோப்பைகள் குவிந்தன. ஓட்டமே அவர் வாழ்வாயிற்று. 2005இல் இஞ்சியோன் ஆசியத் தடகளப் போட்டியிலும், 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார்.

ஆயின், தோகா வெற்றியை அடுத்துப் பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கத்தைப் பறித்தனர். ஊக்க மருந்து உண்டவரல்லர், எவரையும் வஞ்சித்தவருமல்லர். பிறந்த உடலே குற்றமாயிற்று. ஓடுகளத்தின் கதவு ஒரே நாளில் அடைபட்டது.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. நம் மாவட்டச் சிறாருக்கு ஓட்டம் பயிற்றினார். பயிற்றுநர் பட்டயக் கல்வியும் கற்றுத் தேறினார். 2016இல் தமிழக அரசு அவரைத் தடகளப் பயிற்றுநராக நியமித்தது.

ஆசிரியப் பணியில் நாம் கண்டதும் இதுவே. பயிற்சியின் பேரால் வகுப்பைத் துறந்த மாணவன், முழங்கால் முறிந்த அன்று இரண்டையும் இழந்து நின்றான். ஆதலின் இளைஞர்காள், ஒரு விளையாட்டையே பற்றுக. ஆனால் ஏட்டைக் கைவிடற்க. பதக்கத்தைப் பிறர் பறிக்கலாம். கற்ற கல்வியை எவரும் பறித்தல் இயலாது.